கொலை நடந்த வருஷம்

பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாக்கியம் தப்பாமல் வந்துவிடுகிறது: "கதை கிடக்கட்டும், அந்தப் பழைய காரையும் தொப்பியையும் பங்களாவையும் பார்ப்பதற்கே உட்காரலாம்." பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. கதை வேறு, காலம் வேறு. காலம் என்பது கதையின் மேல் போர்த்திய அலங்காரம். அதை மாற்றினாலும் கதை அப்படியே நிற்கும் என்ற தீர்ப்பு. தயாரிப்பாளர்களும் பல சமயம் இதை நம்பித்தான் வேலை செய்திருக்கிறார்கள். அகதா கிறிஸ்டியின் நாவல்களைப் பொறுத்தவரை இது தவறு என்பது என் கட்சி. அவருடைய நல்ல கொலைகள் பலவற்றில் கொலைக்கு வழி செய்து கொடுப்பதே காலம்தான். வருஷத்தைப் பத்து முன்னே பின்னே நகர்த்தினால் அந்தக் கொலை நடக்க முடியாது. நடந்தாலும் அது வேறு கொலையாகிவிடும்.

இதைச் சொல்ல முடிவுகளை உடைத்துப் பேசியாக வேண்டும். கிராமத்துக் கிழவி மிஸ் மார்ப்பிள் துப்பறியும் கதைகளில் 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்', 'தி மிரர் கிராக்ட்', பெல்ஜியத் துப்பறிவாளர் புவாரோ வரும் கதைகளில் 'டேக்கன் அட் தி ஃப்ளட்' ஆகிய மூன்றையும் இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

நகராத காலண்டர்

பிரிட்டிஷ் தொலைக்காட்சியான ஐடிவியின் புவாரோ தொடர் 1989 ஜனவரியில் ஆரம்பித்து 2013 நவம்பரில் முடிந்தது. மொத்தம் 70 படங்கள், அத்தனையிலும் டேவிட் சூஷே. நாவல்களோ 1920-லிருந்து 1975 வரை அச்சில் வந்தவை. முதல் நாவலிலேயே புவாரோ பெல்ஜியம் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கணக்கில் போனால் கடைசி நாவல்களில் அவருக்கு நூறு வயது தாண்டியிருக்க வேண்டும். எழுத்தில் யாரும் விரலை மடக்கி எண்ணுவதில்லை. திரையில் முகம் இருக்கிறது, தெருவில் ஓடும் கார் இருக்கிறது, எண்ணாமல் இருக்க முடியாது. ஆகவே ஏறக்குறைய எல்லாக் கதைகளையும் 1930களில் நிறுத்திவிட்டார்கள்.

இந்த முடிவில் நிறைய லாபம் உண்டு. புவாரோவின் வீடாகக் காட்டப்படும் கட்டடம் லண்டன் சார்ட்டர்ஹவுஸ் சதுக்கத்தில் இருக்கும் ஃப்ளோரின் கோர்ட், 1936-இல் கட்டியது. 'ஏபிசி மர்டர்ஸ்' படத்துக்குப் பெக்ஸ்ஹில் கடற்கரையில் 1935-இல் திறந்த டி லா வார் பெவிலியனுக்குப் போனார்கள். வளைந்த சுவர், குரோமியக் கைப்பிடி, நீள ஜன்னல் என்று ஒரே பத்தாண்டைத் தோண்டித் தோண்டிப் படித்த கலை இயக்கக் குழுவுக்கு ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகப் பாடம் படிக்க வேண்டியதில்லை. உடையும் காரும் அடுத்த படத்துக்கும் உதவும். பட்ஜெட் போடுகிறவர் பார்வையில் இதைவிடச் சரியான முடிவு இருக்க முடியாது.

பிபிசியும் இதையேதான் செய்தது. ஜோன் ஹிக்சன் நடித்த மிஸ் மார்ப்பிள் தொடர் 1984-லிருந்து 1992 வரை வந்தது. பன்னிரண்டு மார்ப்பிள் நாவல்களும் படமாயின. 1930-இல் வந்த நாவலும் சரி, 1976-இல் வந்த நாவலும் சரி, எல்லாம் சுமாராக 1950களில் நடப்பவையாகவே எடுக்கப்பட்டன. அதனால் காலண்டரை ஓர் இடத்தில் நிறுத்தியதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நிறுத்திய இடத்தில் எந்தக் கதை பிழைக்கும், எது பிழைக்காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருக்க வேண்டும்.

புகைப்படம் இல்லாத அடையாள அட்டை

'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்' 1950-இல் வந்தது. சிப்பிங் கிளெகார்ன் என்ற கிராமத்துப் பத்திரிகையில் ஒரு விளம்பரம்: வெள்ளிக்கிழமை மாலை 6.30-க்கு லிட்டில் பேடக்ஸ் வீட்டில் ஒரு கொலை நடக்கும், நண்பர்கள் வரலாம். ஊரே வேடிக்கை பார்க்கப் போகிறது. விளக்கு அணைகிறது, கதவு திறக்கிறது, டார்ச் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கிறது, துப்பாக்கி வெடிக்கிறது. விஷயம் இதுதான்: வீட்டு எஜமானியாக ஊருக்குத் தெரிந்த லெட்டீஷியா பிளாக்லாக், லெட்டீஷியாவே அல்ல. அக்கா இறந்துபோக, அக்காவுக்கு வரவேண்டிய பெரிய சொத்துக்காக அவள் பெயரில் வாழும் தங்கை.

இது எப்படிச் சாத்தியம்? இரண்டாம் உலகப் போருக்கு முன் ஓர் ஆங்கிலக் கிராமத்துக்குப் புதிதாக யாராவது குடிவந்தால், அவரைத் தெரிந்த யாரோ ஒருவர் முன்கூட்டியே கடிதம் எழுதியிருப்பார். இன்னாரின் மகள், இன்னாரின் படைப்பிரிவில் இருந்தவர் என்று கதை தெரிந்திருக்கும். போர் அந்த வலையை அறுத்துப் போட்டது. வீடு இழந்தவர்கள், அகதிகள், இந்தியாவிலிருந்தும் மற்றக் காலனிகளிலிருந்தும் திரும்பியவர்கள் எனப் புதிதாக வந்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்கள் சொன்னதே வரலாறு ஆயிற்று. மிஸ் மார்ப்பிள் இன்ஸ்பெக்டர் கிராடக்கிடம் இதை விளக்கும் இடம்தான் நாவலின் முதுகெலும்பு. அரசாங்கம் தந்த ஆதாரம் ரேஷன் புத்தகமும் அடையாள அட்டையும். 1939-இல் கொண்டுவந்து 1952-இல் நிறுத்திய அந்தச் சாதாரண அடையாள அட்டையில் பெயர் இருக்கும், எண் இருக்கும், புகைப்படம் கிடையாது, கைரேகை கிடையாது. அக்காவின் அட்டையைத் தங்கை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. 1936-இல் இந்த ஆள்மாறாட்டத்தை ஊர் வம்பே கிழித்திருக்கும். 1950-இல் ஊர் வம்புக்குப் பிடிமானம் இல்லை.

இன்னும் கீழே இறங்கிப் பார்த்தால், தடயங்கள்கூட அந்த வருஷத்தைச் சேர்ந்தவைதான். வந்த விருந்தாளிகள் "ஓ, ஹீட்டிங் போட்டுவிட்டீர்களா" என்று சொல்லி வைக்கிறார்கள். கோக் கரிக்குத் தட்டுப்பாடான காலம். அக்டோபரிலேயே ஹீட்டிங்கைப் போடுவது ஊதாரித்தனம், அதனால்தான் கண்ணில் படுகிறது. ஆனால் கொலைகாரியான அந்தத் தங்கைக்கு அது தேவை. கூடத்துக் கணப்பில் நெருப்பு எரிந்தால் விளக்கு அணைந்த பிறகும் அந்த வெளிச்சத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். முழு இருட்டு வேண்டுமானால் நெருப்பு கூடாது, நெருப்பு இல்லாமல் குளிர் தெரியக் கூடாது என்றால் ஹீட்டிங் வேண்டும். கரி தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் இதே பேச்சு வெறும் உபசார வார்த்தை.

விளக்கு அணைந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கூடத்தில் ஒரு மேஜை விளக்கு, பீங்கான் பொம்மை வைத்தது. அதன் துணி சுற்றிய ஒயரில் ஓர் இடத்தில் இழை உரிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் வயலட் பூ வைத்த ஜாடி. ஜாடித் தண்ணீரை உரிந்த இடத்தில் கவிழ்த்தால் ஷார்ட் ஆகி ஃப்யூஸ் போகும், அறை இருண்டுவிடும். அந்தக் காலத்துப் பழைய வீடுகளில் மேஜை விளக்கையும் கூரை விளக்குகள் இருக்கும் அதே இணைப்பில் சொருகுவது சகஜம். ஃப்யூஸ் என்பது ஒரே பலகையில் இருக்கும் கம்பி. ஒன்று போனால் அந்த இணைப்பில் உள்ள எல்லாம் போகும். பிரிட்டனில் பிளக்குக்குள்ளேயே ஃப்யூஸ் வைத்த சதுர முள் பிளக்குக்கான தரம் 1947-இல்தான் வந்தது, பழைய வீடுகள் அதற்கு மாற வெகு காலம் பிடித்தது. மாறிய வீட்டில் இதே தண்ணீரைக் கொட்டினால் பெரும்பாலும் அந்த ஒரு விளக்கு மட்டும் அணையும். கூரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். விருந்தாளிகள் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

சம்பவத்துக்குப் பிறகு அந்த விளக்கு போலீஸ் கண்ணில் படக் கூடாது. ஜோடி விளக்கு, ஒன்றில் இடைச்சி, இன்னொன்றில் இடையன். இடைச்சி இருந்த இடத்தில் மறுநாள் இடையன் இருக்கிறான். இதை வீட்டோடு இருக்கும் டோரா பன்னர் வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். படிக்கிறவனுக்கு டோராவின் வார்த்தை மட்டும்தான் உண்டு, அதையும் மறதிக்காரக் கிழவியின் உளறல் என்று தள்ளிவிடுவான். திரையில் அந்த விளக்கே இருக்கிறது. இங்கேதான் காலத்துப் பொருள்கள் நிறைந்த ஓர் அறைக்கு மதிப்பு வருகிறது. ஜன்னல் திரை, பூஜாடி, பீங்கான் பொம்மை, பின்னல் வேலை என்று மேஜைக்கு மேஜை சாமான் நிறைந்த கூடத்தில் ஒரு பொம்மை ஆணா பெண்ணா என்று யார் கவனிக்கப் போகிறார்கள்? அலங்காரம் என்று நாம் ஒதுக்கிவிட்ட இடத்திலேயே தடயம் நம் கண் முன் உட்கார்ந்திருக்க முடியும். நேர்மையாகச் செய்ய வேண்டுமானால் விளக்குக்குத் தனியாக நெருக்கக் காட்சி வைக்கக் கூடாது, சட்டகத்திலிருந்து மறைக்கவும் கூடாது; ஆட்கள் உள்ளே வந்து போகும் அகலமான காட்சியின் ஓரத்தில் அது இருக்க வேண்டும். கூடத்தில் நடக்கும் காட்சிகளைப் பொதுவாக ஒன்றாகச் சேர்த்து, கதை வரிசை பார்க்காமல் எடுப்பார்கள். காலையில் எடுப்பது கொலைக்குப் பிந்தைய காட்சியாகவும் மதியம் எடுப்பது முந்தையதாகவும் இருக்கும். தொடர்ச்சி பார்க்கிறவர் ஒரே ஒரு காட்சியில் விளக்கை மாற்ற மறந்தால் புதிர் செத்தது.

பிபிசி 1985-இல் இதை மூன்று பாகமாக எடுத்தது. திரைக்கதை ஆலன் பிளேட்டர். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் இருந்ததால், கதையை முன்னே தள்ளாத பேச்சுக்கும் இடம் இருந்தது. கிறிஸ்டியின் தடயங்கள் அந்த மாதிரிப் பேச்சில்தான் குடியிருக்கின்றன. தொண்ணூறு நிமிடத்துக்குச் சுருக்குகிறவர் முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

குண்டு விழாத ஊர்

'டேக்கன் அட் தி ஃப்ளட்' 1948-இல் வந்த நாவல், கதை நடப்பது 1946-இல். மேலே சொன்ன நாவலோடு கூடப்பிறந்தது என்றே சொல்லலாம். அதே போர்க்காலக் குழப்பம், அதே ஆள்மாறாட்டம். ஐடிவி இதை 2006-இல் எடுத்தது. காலண்டர் 1930களில் நிற்பதால் கதையும் அங்கே போனது. இவ்வளவு நாள் என்னை விடாமல் உறுத்துகிற படம் இதுதான்.

நாவலில் கார்டன் குளோட் பெரும் பணக்காரர். தம்பி, தங்கை குடும்பங்கள் எல்லாம் அவர் பணத்தை நம்பி இருப்பவை. திடீரென்று ரோசலீன் என்ற இளம் விதவையைக் கல்யாணம் செய்துகொள்கிறார். இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணம் ஆனால் பழைய உயில் செல்லாது. புதிய உயில் எழுதுவதற்குள் லண்டன் வீட்டின் மேல் ஜெர்மன் குண்டு விழுகிறது. குளோட் இறக்கிறார், ரோசலீனும் அவள் அண்ணன் டேவிட் ஹண்டரும் பிழைக்கிறார்கள். கடைசியில் தெரியவருவது, ரோசலீனும் அந்தக் குண்டில் இறந்துவிட்டாள் என்பது. பிழைத்தவள் வீட்டு வேலைக்காரி. நினைவு தெளியாமல் கிடந்த அந்தப் பெண்ணைத் தன் தங்கை என்று சொல்லி, டேவிட் சொத்தைப் பிடித்துக்கொண்டான்.

இப்போது இதை 1930களுக்குக் கொண்டுபோக வேண்டும். அமைதிக் காலம். வீடு எப்படி இடியும்? எரிவாயுக் கசிவு என்று வைக்கலாம், படமும் அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் போர்க்கால லண்டனில் ஒரு வீட்டின் மேல் குண்டு விழுந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அன்றைக்கு ஆயிரம் வீடு இடிந்தது, இது ஒன்று. அமைதிக் காலத்தில் பணக்காரர் கல்யாணம் ஆன கையோடு வீட்டோடு வெடித்துப் போனால் பார்க்கிற குழந்தைகூடச் சந்தேகப்படும். எனவே வெடிப்புக்கு ஒரு கை வேண்டும். படத்தில் அது டைனமைட், வைத்தவன் டேவிட். சரி, அவன் வைத்தான் என்றால் உள்ளே தங்கை இருப்பது தெரிந்தே வைத்தான். சொத்து தானாகவே தங்கைக்கு வந்து, தங்கை வழியாகத் தனக்கும் வரும் என்ற நிலையில், தங்கையைக் கொன்று வேலைக்காரியை அந்த இடத்தில் உட்கார வைக்க அவனுக்கு என்ன தேவை? அதற்கு ஒரே பதில் அவனை வக்கிரம் பிடித்தவனாக ஆக்குவது. ஒரு தேதியை நகர்த்தியதில் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டே போய், வேறொரு மனிதனிடம் வந்து நிற்கிறோம்.

நாவலின் டேவிட் போரில் கமாண்டோவாக இருந்தவன். ஆபத்து வந்தால் துணிந்து பாய்கிறவன், அமைதி வந்ததும் என்ன செய்வதென்று தெரியாதவன். அவன் குண்டு வைக்கவில்லை. குண்டு தானாக விழுந்தது. இடிபாட்டுக்கு நடுவே நின்றபோது ஒரு வாய்ப்புத் தெரிந்தது, எடுத்துக்கொண்டான். தலைப்பே ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' வரியிலிருந்து வருவது: மனிதர் வாழ்வில் வெள்ளம் பொங்கும் நேரம் ஒன்று உண்டு, அப்போது இறங்குகிறவனுக்கு வாழ்வு. நாவல் அந்த வாக்கை எடுத்து, வெள்ளத்தில் இறங்கியவன் படிப்படியாக எங்கே போய்ச் சேருகிறான் என்று காட்டுகிறது. அவன் கொலைக்கு வருவது பிற்பாடுதான். படத்தில் வெள்ளத்தையே அவன்தான் திறந்துவிடுகிறான். அப்புறம் அந்தத் தலைப்புக்கு அங்கே வேலை இல்லை.

போனது டேவிட் மட்டும் அல்ல. லின் மார்ச்மண்ட் கடற்படை மகளிர் பிரிவில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவள். அவளுக்கு நிச்சயித்த ரவுலி விவசாயி. உணவு உற்பத்திக்கு ஆள் வேண்டும் என்பதால் போருக்குப் போகாமல் பண்ணையிலேயே இருந்தவன். கூட்டாளி போருக்குப் போய் இறந்துவிட்டான். பெண் உலகத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், ஆண் ஊரைத் தாண்டவில்லை. அந்த அவமானம் ரவுலிக்குள் கிடந்து புகைகிறது, அவன் கை ஓங்கும் ஒவ்வொரு இடத்திலும் அதுதான் ஓங்குகிறது. போரை எடுத்துவிட்டால் ரவுலி முன்கோபக்காரக் காதலன், அவ்வளவே. முன்னுரையில் ஒரு கிளப்பில் மேஜர் போர்ட்டர் நீட்டி முழக்கும் கதையைக்கூட, வெளியே குண்டுவீச்சு நடப்பதால் எழுந்து போக முடியாமல்தான் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே புவாரோ கேட்டு வைத்தது பின்னால் உதவுகிறது. சும்மா நாளில் என்றால் பாதிப் பேர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

திரைக்கதை எழுதியவர் சோம்பேறித்தனமாக எழுதவில்லை. ஓட்டைகளை அடைத்த விதத்தில் கைத்திறன் இருக்கிறது. ஆனால் அடைக்க வேண்டிய ஓட்டைகளை உண்டாக்கியதே காலண்டர்தான்.

எது பிழைக்கும்

எல்லாக் கதையும் இப்படி உடைவதில்லை. 'தி கிளாக்ஸ்' 1963 நாவல், பனிப்போர் உளவு. அதை டோவர் துறைமுகத்தில், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய உளவாக மாற்றினார்கள். உளவாளிக்கு ஏதாவது ஓர் எதிரி நாடு போதும் என்பதால் கதை அதிகம் அலுங்கவில்லை. 'அட் பெர்ட்ராம்ஸ் ஹோட்டல்' 1965 நாவல். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய உபசாரம் அப்படியே மாறாமல் இருக்கும் விடுதி என்பதே அதில் மர்மம். 1950களுக்கு நகர்த்தினாலும் அந்த விடுதி அதே அளவு அதிசயம்தான்.

'ஹிக்கரி டிக்கரி டாக்' விஷயம் வேறு மாதிரி. 1955 நாவலில் லண்டன் மாணவர் விடுதி. மேற்கு ஆப்பிரிக்க மாணவர், ஜமைக்கா மாணவி, இந்திய மாணவர்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். கிறிஸ்டி அவர்களை எழுதிய விதம் இன்றைக்கு நெருடும், ஆனாலும் இருக்கிறார்கள். 1995 படம் கதையை 1936-க்குக் கொண்டுபோய், வேலையில்லாத் தொழிலாளர்கள் லண்டனுக்கு நடந்து வந்த ஜாரோ பேரணியைப் பின்னணியில் சேர்த்தது. அது நல்ல சேர்க்கை. ஆனால் அந்த மாணவர்களை எடுத்துவிட்டது. காலம் மாறியதால் எடுத்தோம் என்று சொல்ல முடியாது. 1936 லண்டனில் வி. கே. கிருஷ்ண மேனன் இந்திய விடுதலைக்கு ஆதரவு திரட்டிய இந்தியா லீக் நடத்திக்கொண்டு, செயின்ட் பான்கிரஸ் வட்டாரத்தில் கவுன்சிலராகவும் இருந்தார். இந்திய மாணவர்கள் இல்லாத 1936 லண்டன் என்பது காலத்துக்கு உண்மையாக இருப்பது ஆகாது.

மற்றொரு கோடியில் 'தி மிரர் கிராக்ட்' இருக்கிறது, 1962 நாவல். நடிகை ஒருத்தி தன் விருந்தில் ஒரு ரசிகையைக் கொல்கிறாள். போர்க்காலத்தில் அந்த ரசிகை ரூபெல்லா காய்ச்சலோடு, முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு, கர்ப்பமாக இருந்த நடிகையைப் பார்க்க வந்திருக்கிறாள். குழந்தை குறைபாட்டோடு பிறந்தது. பல வருஷம் கழித்து அந்த ரசிகை இதைப் பெருமையாக அவளிடமே சொல்கிறாள். ரூபெல்லாவுக்கும் பிறவிக் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று சிட்னி கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டது 1941-இல். பிரிட்டனில் பள்ளிச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி வந்தது 1970-இல். 1941-க்கு முன் வைத்தால் காரணம் யாருக்கும் தெரியாது, தாய்க்குக் கோபப்பட ஆள் இல்லை. தடுப்பூசி பரவலான பிறகு வைத்தால் இப்படி நடப்பதே அபூர்வம். முப்பது வருஷத்துக்குள் மட்டுமே நடக்கக்கூடிய கொலை. ஹிக்சன் தொடர் 1950களில் நின்றதால் 1992 படத்தில் கதைக்கு ஒரு கீறலும் விழவில்லை.

'டேக்கன் அட் தி ஃப்ளட்' நாவலை யாராவது மறுபடி எடுத்தால் 1946-இல்தான் எடுக்க வேண்டும். புவாரோவின் வயது இடிக்கும் என்ற சாக்கு செல்லாது. அதே ஐடிவி தொடர், கடைசிப் படமான 'கர்ட்டன்' படத்துக்காகப் போருக்குப் பிந்தைய காலத்துக்குத் தாண்டிப் போனது, யாரும் குறை சொல்லவில்லை. இடையில் இருந்த வருஷங்களில் ஒன்றை இந்தக் கதைக்குக் கொடுத்திருக்கலாம். செலவு ஆகும்தான்: இடிந்த தெரு ஒன்று வேண்டும், ராணுவத்திலிருந்து விடுபட்டவர்களுக்குக் கொடுத்த கோட்டு சூட்டு வேண்டும், கூப்பன் கத்தரித்த ரேஷன் புத்தகம் வேண்டும், காலியான கடை அலமாரிகள் வேண்டும். 1930களின் ஆர்ட் டெகோ பாணி வில்லாவும் பளபளக்கும் காரும் தேவைப்படாது. அந்தப் பணத்தை இதில் போட்டால் ரவுலியும் லின்னும் டேவிட்டும் நாவலில் இருக்கிற மாதிரியே திரைக்கு வந்துவிடுவார்கள், டைனமைட் இல்லாமல்.